வெள்ளிக்கிழமை விடுபட்ட குளிசை: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மார்ச்சில் கிடைத்த ஆய்வுகூட அறிக்கையில், இரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் என்ற குளிசை எடுத்துவந்த ஒரு பெண்ணின் உடலில் மிஞ்சியிருக்கும் நோயின் மூலக்கூற்று அளவு 1.9 சதவீதம் என்று இருந்தது. அதே கிழமை செய்த சாதாரண இரத்தப் பரிசோதனையில் குறை சொல்ல எதுவும் இல்லை. வெண்கலங்கள் (வெண்குருதிக் கலங்கள்) 8,200, ஈமோகுளோபின் 12.1, குருதிச் சிறுதட்டுகள் 240,000. மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை. நோயாளி அன்று விடியற்காலை வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிவிட்டுத்தான் கிளினிக்குக்கு வந்திருந்தார். பார்க்கிற எவரும் நல்ல சுகத்துடன் இருக்கிறார் என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் 2018இல் 0.02 சதவீதமாக இருந்த நோயின் மூலக்கூற்று அளவு, ஏறத்தாழ நூறு மடங்கு ஏறியிருந்தது.

இரத்தநோய் மருத்துவ நிபுணர் அன்று எங்கள் முன் வைத்த கேள்வி இரண்டு பக்கம் கொண்டது. குளிசை வேலை செய்யாமல் போய்விட்டதா? அல்லது குளிசை வயிற்றுக்குள் போகவே இல்லையா? முதலாவது உண்மையென்றால் மருந்தை மாற்ற வேண்டும். இரண்டாவது உண்மையென்றால் மருந்தை மாற்றிப் பயனில்லை. விலை கூடிய, வேறு பக்கவிளைவுகள் கொண்ட இன்னொரு குளிசையும் அதே வழியில் வீணாகும்.

நான் அந்தக் கிளினிக்கில் மருந்தாளராகப் பணிபுரிகிறேன். நோயாளியின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரத்தப் புற்றுநோய்க்கு வாய்வழி மருந்து எடுப்பவர்களில் அநேகமாக ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி, "இதை எவ்வளவு காலம் போட வேண்டும்?" என்பது. அதற்கு நாங்கள் ஆண்டுக்கணக்கில் பதில் சொல்கிறோம். இந்தப் பெண்ணின் பத்து ஆண்டுகள் அந்தப் பதிலின் பின்னால் இன்னொரு கணக்கு இருப்பதைக் காட்டுகின்றன. அதை இங்குள்ள குடும்பங்கள் அறிய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நோய் கண்டறியப்பட்ட விதம்

வலிகாமம் கிழக்கைச் சேர்ந்தவர். 2015இன் இறுதியில் முதன்முதலாக வந்தபோது வயது 47. கணவர் செம்மண் தரையில் வாழையும் வெங்காயமும் செய்பவர். மகன் டொராண்டோவில், மகள் வீட்டோடு. மூன்று நான்கு மாதங்களாக அசதி, இரவில் வியர்வை, நான்கு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது போன்ற உணர்வு. வாய்வுத் தொல்லை என்று நினைத்து மல்லித் தண்ணீரும் ஓமத் தண்ணீரும் குடித்துப் பார்த்திருக்கிறார். மெலிந்துபோனதைத் தோட்ட வேலையின் களைப்பு என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் வயிற்றை நிறைத்தது மண்ணீரல். இடது விலா ஓரத்திலிருந்து பத்து சென்ரிமீற்றர் கீழே அதன் விளிம்பு தட்டுப்பட்டது. வெண்கலங்கள் 186,000. சுகமாக இருக்கும் ஒருவருக்கு அது 4,000 முதல் 11,000 வரையில் இருக்கும்.

என்பு மச்சைப் பரிசோதனையும் நிறமூர்த்தப் பரிசோதனையும் சந்தேகத்தை உறுதிசெய்தன: நாட்பட்ட மைலாய்ட் லுகேமியா, சுருக்கமாக சி.எம்.எல்., என்ற இரத்தப் புற்றுநோய், அதன் நாட்பட்ட கட்டத்தில், அதாவது மெதுவாக வளரும் முதற்கட்டத்தில். மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்களில் 9ஆவதும் 22ஆவதும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இந்த நோயில் ஓர் ஒட்டு மரபணு உருவாகிறது. வெண்கலங்களைப் பெருகு, பெருகு என்று ஓயாமல் தூண்டும் புரதம் அந்த மரபணுவிலிருந்து வருகிறது. சுருங்கிப்போன அந்த 22ஆம் நிறமூர்த்தத்தை 1960இல் பிலடெல்பியாவில் கண்டுபிடித்தார்கள். ஊரின் பெயரே அதற்கு நிலைத்தது. அது இரண்டு நிறமூர்த்தங்களுக்கு இடையிலான துண்டு மாற்றம் என்று 1973இல் ஜெனட் ரௌலி காட்டினார்.

2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் அந்தப் புரதத்தின் வேலை செய்யும் இடத்தில் போய் அமர்ந்து அதை முடக்குகிறது. அதற்கு முன் இந்த நோய்க்கு இன்டர்பெரோன் ஊசியும், பொருத்தமான சகோதரர் இருந்தால் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையுமே முக்கிய வழிகள். பெரும்பாலானோர் சில ஆண்டுகளுக்கு மேல் வாழவில்லை. இமாட்டினிப்பை முதலில் பெருமளவில் சோதித்த ஐரிஸ் ஆய்வில், அந்தக் குளிசையுடன் சிகிச்சையைத் தொடங்கியவர்களில் 83 சதவீதத்தினர் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். புற்றுநோய் மருத்துவத்தில் இப்படியொரு திருப்பம் அரிதிலும் அரிது. இங்கே அது எட்டக்கூடியதாக ஆனதற்கு இந்தியப் பொதுப்பெயர் மருந்துகளும் காரணம். 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் (இமாட்டினிப்பின் வணிகப் பெயர்) காப்புரிமை வழக்கைத் தள்ளுபடி செய்ததால் அங்கே அவற்றின் தயாரிப்பு தடையின்றித் தொடர்ந்தது. இந்த நோயாளிக்குக் கிடைத்த குளிசைகளும் பெரும்பாலும் இந்தியத் தயாரிப்புகளே. ஆண்டுக்கு ஆண்டு அவற்றின் நிறமும் வடிவமும் மாறின. ஒவ்வொரு முறையும் "இது பழைய மருந்துதானா?" என்று கேட்டு உறுதிசெய்துகொள்வார். நல்ல பழக்கம்.

முதலில் சில நாள்கள் வெண்கலங்களை விரைவாகக் குறைக்கும் ஹைட்ரொக்சியூரியா, பிறகு இமாட்டினிப் 400 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. ஆறு கிழமையில் வெண்கலங்கள் வழமைக்கு வந்தன. மூன்றாம் மாத முடிவில் மண்ணீரல் சுருங்கிவிட்டது. இந்தக் கட்டத்தில்தான் பல குடும்பங்கள் நோய் போய்விட்டதென்று நம்பிவிடுகின்றன. அதனால் கணவரையும் மகளையும் உட்கார வைத்து நிபுணர் விளக்கினார். வாழையை வெட்டிச் சாய்த்தாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை குட்டி வந்துகொண்டே இருக்கும், என்பு மச்சைக்குள் இருக்கும் நோயின் மூலக்கலங்களும் அப்படித்தான் என்று அவர் சொன்னதைக் கணவர் உடனே பிடித்துக்கொண்டார்.

எண்களின் பாதை

இரத்தக் கலங்களின் எண்ணிக்கை சரியான பிறகு, நோய் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க ஒட்டு மரபணுவின் அளவை மூலக்கூற்றுப் பரிசோதனையில் அளக்கிறார்கள். உலகமெங்கும் ஆய்வுகூடங்கள் ஒரே அளவுகோலில் சொல்லக்கூடியதாக அது சதவீதத்தில் தரப்படுகிறது. மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்கு மேற்படாமலும், ஆறாம் மாதம் 1க்கு மேற்படாமலும், பன்னிரண்டாம் மாதம் 0.1க்கு மேற்படாமலும் இருந்தால் சிகிச்சை சரியான பாதையில் போகிறது. ஓராண்டுக்குப் பின் எப்போதாவது 1ஐத் தாண்டினால் ஐரோப்பிய லுகேமியா வலையமைப்பின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை அதைச் சிகிச்சைத் தோல்வி என்றே கொள்கிறது.

இவருக்கு மூன்றாம் மாதம் 7.4. ஓராண்டில் 0.34. அது எச்சரிக்கை வட்டத்துக்குள் வந்தாலும் இறங்குமுகமாக இருந்ததால் மருந்தை மாற்றவில்லை. பதினெட்டாம் மாதம் 0.09. 2018இல் 0.02. 2019 தொடக்கத்தில் 0.04.

அதன் பிறகு 2023 மார்ச் வரை ஒன்றும் இல்லை. கொப்பியில் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது இன்றும் மனம் சங்கடப்படுகிறது. இவருடைய மாதிரி கொழும்பில் உள்ள ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எடுத்த இரத்தம் குளிர் குறையாமல் ஓரிரு நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் அளக்க வேண்டிய ஆர்.என்.ஏ. (அந்த ஒட்டு மரபணுவின் நகல்) சிதைந்துவிடும். 2020இலும் 2021இலும் கொரோனா ஊரடங்குகள் பாதைகளை மூடின. 2022இல் நாடே பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு. குளிசை எங்கள் இலவச மருத்துவ முறையில் கிடைத்தது. பரிசோதனைக்கான பணத்தைக் குடும்பம் கொடுக்க வேண்டியிருந்தது. குளிசையையும் பரிசோதனையையும் வெவ்வேறாக நினைக்கும் ஏற்பாடு எதுவானாலும் அது அரைகுறை ஏற்பாடு என்பதே என் கருத்து. அளக்காமல் கொடுக்கும் குளிசை, கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுக்கும் குளிசை.

இந்த இடைவெளியில் சாதாரண இரத்தப் பரிசோதனை மட்டும் தவறாமல் நடந்தது. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. இந்த நோயின் பொல்லாத தன்மை இதுதான். மூலக்கூற்று அளவு நூறு மடங்கு ஏறி முடியும் வரையில் வெண்கலங்கள் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. நோயாளிக்கும் உடம்பில் எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

மருந்துப் பதிவேடு சொன்னது

1.9 வந்த பிறகு இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தன. மரபணுப் பிறழ்வு ஏதும் மருந்தைத் தடுக்கிறதா என்று பார்க்க மாதிரி அனுப்பப்பட்டது. மருந்து விநியோகப் பதிவேட்டைப் பார்ப்பது என் வேலை.

முந்தைய ஓராண்டில், அதாவது 365 நாளில், அவர் பெற்றுக்கொண்டது 281 நாளுக்கான குளிசைகள். 77 சதவீதம். ஒரு மாதமும் அவர் கிளினிக்கைத் தவறவிட்டதில்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் வராமல் விட்டதில்லை, ஆனால் சில நாள்கள் பிந்தியே வந்திருக்கிறார். "வீட்டில் இன்னும் இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். மாதக் குளிசையில் ஒருவருக்கு மிச்சம் இருக்கிறது என்றால், மிச்சம் எப்படி வந்தது என்ற கேள்வி எழ வேண்டும். வீட்டில் மருந்து இருக்கிறது என்பதே நோயாளி ஒழுங்கானவர் என்பதற்குச் சான்றாக எண்ணப்படுகிறது. பெரும்பாலும் அது எதிர்மாறானதற்குச் சான்று.

"ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டால் எவரும் ஆம் என்பார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன். "அம்மா, எந்த நாள்களில் போடக் கஷ்டமாக இருக்கிறது?" என்றேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லாமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை விரதம், பிள்ளை. காலையில் சாப்பாட்டோடு போட வேண்டும் என்றுதானே கொப்பியில் எழுதியிருக்கிறது. சாப்பிடாத நாளில் எப்படிப் போடுவது?"

இதைக் கேட்டவுடன் எனக்கு எல்லாம் விளங்கியது. இமாட்டினிப் வயிற்றைப் புரட்டும் மருந்து. அதனால் உணவுடனும் ஒரு பெரிய குவளை தண்ணீருடனும் எடுக்கும்படி சொல்வோம். அவர் அந்த அறிவுறுத்தலை மீறவில்லை. எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார். காலை உணவு இல்லை, ஆகவே குளிசையும் இல்லை. அன்று மத்தியானம் கோயிலால் வந்து ஒருநேரம் சோறு சாப்பிடுவார். அப்போது போடலாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை, கொப்பியில் "காலை" என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் அல்ல. புரட்டாதி வளர்பிறைத் தசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசையில் முடியும் கேதாரகௌரி விரதம் 21 நாள். அதற்கு மறுநாள் தொடங்குவது கந்தசஷ்டி, ஆறு நாள். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பலர் இரண்டையும் தொடர்ந்து பிடிப்பார்கள். இவரும் பிடித்தார். ஒரே நீட்டில் 27 நாள்கள். ஆண்டின் 52 வெள்ளிகளில் அந்த 27 நாளுக்குள் வருவன போக மீதியையும் கூட்டினால் ஏறத்தாழ 75 நாள். குளிசை பெறாத 84 நாளில் எஞ்சிய ஒன்பதைப் பற்றியும் கேட்டேன். 2022 ஆடியில் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் ஓடாத நாள்களில் கிளினிக்குக்கு வர வழியின்றி மருந்து முடிந்து இருந்திருக்கிறார்.

சிகிச்சை தொடங்கிய முதல் ஆண்டுகளில் இப்படி நடக்கவில்லை. அப்போது உடம்பு முடியாமல் விரதங்களை விட்டிருந்தார். அளவு 0.02 வரை இறங்கியது அந்த ஆண்டுகளில்தான். உடம்பு தேறியதும், தேற்றிய தெய்வத்துக்கு நன்றியாக 2019இல் விரதங்களை மறுபடி தொடங்கினார். நேர்த்தி வைத்திருந்தார். சுகம் வந்ததால் விரதம், விரதத்தால் விடுபட்ட குளிசை, அதனால் திரும்பி ஏறிய நோய். இந்தச் சங்கிலியைப் பற்றி எண்ணும்போதெல்லாம், நோயாளியின் நாள்காட்டியை அறியாமல் எழுதப்படும் மருந்துச் சீட்டு முழுமையானதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

வேறு காரணங்களும் இருந்தன, சிறிய அளவில். காலையில் கண்ணிமை வீங்குவது இமாட்டினிப்பின் வழமையான பக்கவிளைவு. 2021இல் மகளின் கலியாணத்துக்கு முன் இரண்டு கிழமை குளிசையை விட்டதாக மெல்லச் சொன்னார். படங்களில் முகம் ஊதித் தெரியக்கூடாது என்ற எண்ணம். இரவில் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வரும். தோலின் நிறம் சற்று வெளிறியது. அதுவும் இந்த மருந்தினால் வருவது. அயலார் "நிறம் வந்திருக்கிறதே" என்றார்களாம். வேறு மருந்துகள் ஏதும் குறுக்கிடுகின்றனவா என்றும் பார்த்தோம். காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின், வலிப்புக்குத் தரும் பெனிட்டோயின், கார்பமசெபின் ஆகியவை இமாட்டினிப்பை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும். அவர் அவற்றில் எதையும் எடுக்கவில்லை.

மூன்று கிழமைக்குப் பின் மரபணுப் பிறழ்வுப் பரிசோதனையின் முடிவும் வந்தது. பிறழ்வு எதுவும் இல்லை. மருந்து தோற்கவில்லை.

கிழமைக்கு ஒரு நாள் என்றால்

கிழமையில் ஒரே ஒரு நாள் விடுபடுவதை எவரும் பெரிதாக எடுப்பதில்லை. ஏழில் ஆறு போட்டாயிற்று, அது போதாதா என்று தோன்றும். ஏழில் ஆறு என்பது 86 சதவீதம்.

2010இல் வெளியான லண்டன் ஹாமர்ஸ்மித் வைத்தியசாலை ஆய்வை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். பல ஆண்டுகளாக இமாட்டினிப் எடுத்துவந்த 87 சி.எம்.எல். நோயாளிகளின் குளிசைப் போத்தல் மூடிகளில், திறக்கும் ஒவ்வொரு தடவையையும் பதிவுசெய்யும் நுண்கருவி பொருத்தி மூன்று மாதம் கவனித்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்கள் ஆறு ஆண்டுக்குள் 0.1 சதவீத அளவை எட்டும் வாய்ப்பு 94.5 சதவீதம். 90 அல்லது அதற்குக் குறைவாகப் போட்டவர்களுக்கு அது 28.4. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். மாதத்தில் மூன்று குளிசைக்கு மேல் விட்டவர் அந்தப் பள்ளத்தில் விழுகிறார். வெள்ளிக்கிழமை விரதம் மட்டுமே போதும், ஐப்பசி 27 நாளும் தேவையில்லை.

2009இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்றில் 169 நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினர் ஒழுங்காக எடுக்காதவர்களாகக் கணிக்கப்பட்டனர். ஒன்றும் தவறாமல் எடுத்தவர்கள் 14.2 சதவீதம் மட்டுமே. இதை நான் சொல்வது, எங்கள் ஊர்ப் பெண்களைக் குறைசொல்ல எவரும் புறப்படக்கூடாது என்பதற்காக. செல்வமும் வசதியும் உள்ள நாடுகளிலும் இதே கதைதான். அங்கே விடுபடும் நாள்களுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். இங்கே எங்களுக்கு விரதம், பஸ், கலியாணம்.

இமாட்டினிப் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 18 மணித்தியாலம் எடுக்கும். வியாழன் காலை போட்டவர் சனி காலை வரை போடாவிட்டால் வெள்ளி முழுவதும், இரவு முழுவதும் மருந்தின் அளவு தாழ்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு கிழமையும் நோய்க் கலங்களுக்கு ஓர் ஓய்வு நாள் கிடைத்துக்கொண்டிருந்தது.

செய்தது

மருந்தை மாற்றவில்லை. அந்த முடிவுக்காக நிபுணரை நான் மிகவும் மதிக்கிறேன். அறிக்கையில் இருந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நிலோட்டினிப் அல்லது டாசாட்டினிப்புக்கு மாற்றியிருக்கலாம். நிலோட்டினிப் நாளுக்கு இருமுறை வெறும் வயிற்றில் எடுப்பது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பின், அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன். இரத்தச் சர்க்கரையும் இருதயக் குழாய்களும் அதனால் பாதிக்கப்படலாம். டாசாட்டினிப் நுரையீரலைச் சுற்றி நீர் கட்ட வைக்கலாம். தேவையானவர்களுக்கு இரண்டும் உயிர்காக்கும் மருந்துகள். இவருக்குத் தேவை வேறு.

குளிசையை "காலை" என்பதிலிருந்து விடுவித்தோம். அன்றைய பெரிய சாப்பாடு எதுவோ, அதனுடன். சாதாரண நாளில் மத்தியானச் சோற்றுடன். வெள்ளிக்கிழமையும் மத்தியானமே, கோயிலால் வந்த பின். கேதாரகௌரி நாள்களில் ஒருநேரச் சாப்பாட்டுடன். கந்தசஷ்டிதான் கடினம், அவர் அந்த ஆறு நாளும் மாலையில் பாலும் பழமும் மட்டுமே எடுப்பவர். அதனுடனேயே போட்டு நிறையத் தண்ணீர் குடிக்கலாம், வயிறு புரட்டினால் உடனே சொல்லுங்கள் என்றோம். மருந்து விரதத்தை முறிக்குமா என்ற தயக்கம் அவரிடம் இருந்தது. அதைத் தீர்ப்பது எங்கள் வேலை அல்ல என்று எனக்குப் பட்டது. தங்கள் கோயில் ஐயரிடம் கேட்டுவிட்டு வந்தார். உயிரைக் காக்கும் மருந்து விரதத்துக்குக் குறை இல்லை என்று அவர் சொன்னதாகச் சொன்னார். நாங்கள் நூறு முறை சொன்னாலும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகியிருக்காது.

விரத நாள்கள் சிவப்பில் அச்சிட்ட தினக்காட்டி அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. குளிசை போட்டதும் அதில் ஒரு கோடு. மறந்தால் அன்றைக்குள் நினைவு வரும்போது போடலாம், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. மாத விநியோகத்தில் சில நாள் கூடுதலாகக் கையிருப்பு வைக்கும்படி ஒழுங்குசெய்தோம், பஸ் ஓடாத நாள் திரும்ப வராது என்று எவரும் உறுதி தர முடியாது. கொப்பியில் அடுத்த கிளினிக் திகதியோடு, மருந்து முடியும் திகதியையும் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது திகதி கடந்தும் வீட்டில் மருந்து இருந்தால் எதையோ விட்டிருக்கிறார் என்று அவருக்கே தெரியும்.

2023 ஜூனில் 0.71. செப்ரெம்பரில் 0.22. 2024 மார்ச்சில் 0.06. 2025 மார்ச்சில் 0.008. அதே மருந்து, அதே அளவு.

எவ்வளவு காலம்?

டொராண்டோவில் இருக்கும் மகன் 2025இல் தொலைபேசியில் கேட்டார்: "இங்கே சில பேருக்கு இந்தக் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவுக்கு ஏன் நிறுத்தவில்லை?" நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளமானது.

முதலில், எல்லா இரத்தப் புற்றுநோய்க்கும் ஒரே காலம் இல்லை. நாட்பட்ட நிணநீர்க்கல லுகேமியாவுக்குத் தனியே கொடுக்கும் இப்ரூட்டினிப்பை, நோய் மீறும் வரை அல்லது உடம்பு தாங்காமல் போகும் வரை எடுப்பார்கள். அதே நோய்க்கு வெனெட்டோகிளாக்ஸை ஒபினுட்டுசுமாப்புடன் சேர்த்துத் தொடங்கினால் ஓராண்டில் முடித்துவிடலாம். ரிட்டக்சிமாப்புடன் என்றால் இரண்டு ஆண்டு. என்பு மச்சை நாராகும் நோயில் தரும் ருக்சோலிட்டினிப்பைத் திடீரென்று நிறுத்தினால் அறிகுறிகள் முன்னிலும் மோசமாகத் திரும்பலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு நிறுத்தினார்கள் என்பது எதையும் சொல்லாது. அவருடைய நோயும் மருந்தும் எவை என்று கேட்க வேண்டும்.

சி.எம்.எல். நோய்க்கு நீண்டகாலம் சொல்லிவந்த பதில் "ஆயுள் முழுவதும்". 2010இல் வெளியான பிரெஞ்சு ஆய்வான ஸ்டிம் அதை அசைத்தது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் நோயின் சுவடே தெரியாதிருந்தவர்களுக்கு இமாட்டினிப்பை நிறுத்தினார்கள். ஓராண்டுக்குப் பின்னும் 41 சதவீதத்தினருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பியது. மறுபடி குளிசை கொடுத்தபோது அது கேட்டது. 2018இல் வெளியான யூரோ ஸ்கீ ஆய்வில் 755 பேர். இரண்டு ஆண்டு முடிவில் பாதிப் பேர் மருந்தின்றி இருந்தார்கள். நிறுத்துவதற்கு முன் மருந்து எடுத்த காலம் நீள நீள வாய்ப்பும் கூடியது. நிறுத்திய பின் சிலருக்குச் சில மாதம் மூட்டுகளிலும் தசைகளிலும் வலி வரும், அது நோய் திரும்பியதற்கான அடையாளம் அல்ல.

இந்த வாசல் எல்லோருக்கும் திறக்காது. இமாட்டினிப்பில் ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். மூலக்கூற்று அளவு 0.01 சதவீதத்துக்கு மேற்படாமல் மூன்று ஆண்டு, அல்லது அதிலும் ஆழமாக 0.0032 சதவீதத்துக்கு மேற்படாமல் இரண்டு ஆண்டு நிலைத்திருக்க வேண்டும். முன்னர் சிகிச்சைத் தோல்வி நேர்ந்திருக்கக் கூடாது. நிறுத்திய பின் முதல் ஆறு மாதம் மாதம் தோறும், அடுத்த ஆறு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். முதலாண்டில் மட்டும் ஒன்பது. முடிவு சில கிழமைக்குள் கைக்கு வர வேண்டும்.

இந்தப் பெண்ணுக்கு இவை ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்தோம். பத்து ஆண்டு ஆகிவிட்டது, அது நிறைவு. 0.01க்குக் கீழே வந்தது 2025 மார்ச்சில்தான், ஆகவே மூன்று ஆண்டுக் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. 2018இல் 0.02 வரை வந்தவர் விரதங்களைத் தொடங்காமல் அப்படியே போயிருந்தால் இன்று நிறுத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருக்க வாய்ப்பு இருந்தது. 2023இன் 1.9 ஏட்டில் சிகிச்சைத் தோல்வியாகவே நிற்கிறது. அது மருந்தின் எதிர்ப்பால் அல்ல, விடுபட்ட குளிசையால் வந்தது என்று நாங்கள் அறிவோம். அதைத் தளர்த்திக் கொள்ளலாமா என்பதை நிபுணர் இன்னும் முடிவுசெய்யவில்லை, நானும் அவசரப்பட மாட்டேன்.

அவரிடம் இதை வெளிப்படையாகச் சொன்னோம். ஒரு நாள் விட்டால் மொத்தக் கணக்கில் ஒரு குளிசை குறைகிறது என்றுதான் நோயாளிகள் நினைக்கிறார்கள். கணக்கு மறுபக்கமாக ஓடுகிறது: விட்ட நாள்கள் சிகிச்சையின் நீளத்தைக் கூட்டுகின்றன, சிலவேளை அதன் முடிவையே எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. இதைத் தொடக்க நாளிலேயே, முதல் மாதக் குளிசையைக் கையில் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். இப்போது நான் அப்படித்தான் சொல்கிறேன். இந்து நோயாளியிடம் எந்தெந்த விரதங்கள் என்றும், கத்தோலிக்க நோயாளியிடம் தவக்காலத்தில் என்ன செய்வார்கள் என்றும், முஸ்லிம் நோயாளியிடம் நோன்பு பற்றியும் முதல் நாளிலேயே கேட்கிறேன்.

மகனுக்கும் ஒரு பதில் கொடுத்தோம். டொராண்டோவில் ஒருவர் குளிசையை நிறுத்தும்போது, அதன் பின்னால் மாதா மாதம் இரத்தம் எடுத்து, சில நாளில் முடிவு சொல்லும் ஆய்வுகூடம் நிற்கிறது. அம்மாவின் இரத்தம் ஒவ்வொரு முறையும் கொழும்புக்குப் போய் வர வேண்டும். அது தவறினால் ஏறத் தொடங்கிய நோய் எவருக்கும் தெரியாது, 2019க்கும் 2023க்கும் நடுவே தெரியாமல் போனதைப் போல. முன்பு வடக்கில் புற்றுநோய் வந்தால் கொழும்பை அடுத்த மகரகம வைத்தியசாலைதான் கதி. 2011இல் நாட்டின் தென்முனையான தெவுந்தரையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்த மக்களின் முயற்சியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சிகிச்சையை அருகில் கொண்டுவர முடிந்த மண்ணுக்கு இந்த ஒரு பரிசோதனையையும் அருகில் கொண்டுவர முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். குளிசையை நிறுத்தும் உரிமை பரிசோதனை கிட்டும் தூரத்தைப் பொறுத்திருப்பது அநியாயம். மகன் பரிசோதனைச் செலவை ஏற்றுக்கொண்டார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் செய்யக்கூடியதில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்பதே நெறி. இப்போதைக்கு இவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை முடிகிறது. மாதக் கிளினிக்கில் தினக்காட்டித் தாள்களை எடுத்துவந்து காட்டுகிறார். கால் பிடிப்பு இன்னும் இருக்கிறது, இமை வீக்கம் குறைந்திருக்கிறது. நிறுத்துவது பற்றி 2028 மார்ச்சுக்கு முன் பேசுவதில்லை என்று நிபுணர் கொப்பியில் எழுதியிருக்கிறார். அதற்கு இடையில் அளவு ஒருமுறை 0.01ஐத் தாண்டினாலும் மூன்று ஆண்டுக் கணக்கு, அளவு மறுபடி இறங்கிய நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது.